"சீ யூ மண்டே" தப்பா? ஆங்கிலத்தில் முன்னிடைச்சொல்லை எங்கே விடலாம், எங்கே விடக்கூடாது

போன மாதம் ஒரு நாள், ராத்திரி பதினோரு மணி இருக்கும். அக்கா மகனிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. வளைகுடா நாட்டில் ஒரு பட்டறையில் வேலைக்குச் சேர்ந்து அவனுக்கு நாலு மாதம் ஆகிறது. அவனுடைய மேலதிகாரி அமெரிக்கர். விடுமுறைக்கு முன்னால் அவர் அனுப்பிய செய்தியைத்தான் படம் பிடித்து அனுப்பியிருந்தான்: "சீ யூ மண்டே." அதற்குக் கீழே அவன் கேள்வி: "மாமா, ஆன் மண்டேன்னுதானே சொல்லிக்கொடுத்தீங்க? சார் ஆன் போடாம எழுதிட்டாரு. அவர் எழுதினது தப்பா, நான் படிச்சது தப்பா?"

"ரெண்டும் சரிதான் மாப்ள, காலையில சொல்றேன்" என்று பதில் போட்டேன். காலையில் சொல்ல ஆரம்பித்தால் ஒரு குரல் பதிவில் முடிகிற விஷயமாக இல்லை. ராமேஸ்வரம் பக்கத்தில் மண்டபம் என்கிற ஊரில், சாயங்கால வேளையில் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். வருஷா வருஷம் இதே கேள்வி வேறு வேறு வடிவத்தில் வருகிறது. அதனால் முழுவதையும் ஒரே இடத்தில் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

முன்னிடைச்சொல் என்பது பள்ளியில் ப்ரெபொசிஷன் என்று படித்ததுதான். ஆன், இன், அட், டு, ஃபார், ஃப்ரம், ஆஃப் மாதிரியான குட்டிச் சொற்கள். பெயருக்கு முன்னால் நின்று, அந்தப் பெயருக்கும் வினைக்கும் என்ன உறவு என்று காட்டும். தமிழில் அந்த வேலையைப் பார்ப்பது வேற்றுமை உருபு. அது பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ளும். "டு மண்டபம்" என்றால் "மண்டபத்துக்கு"; "ஃப்ரம் மண்டபம்" என்றால் "மண்டபத்திலிருந்து". இந்த ஒரு ஒப்புமையைப் பிடித்துக்கொண்டால் போதும், மீதி எல்லாம் அதிலிருந்தே கிளைக்கும்.

நாமும் விடுகிறோம்

பாம்பனில் பஸ்ஸுக்கு நிற்கிறவரிடம் "எங்கே போறீங்க?" என்று கேட்டால் "ராமேஸ்வரம் போறேன்" என்பார். "ராமேஸ்வரத்துக்கு" என்று சொல்லலாம், சொல்லாவிட்டாலும் குறையில்லை. "மீன் வாங்கினேன்" என்கிறோம், "மீனை" என்று ஐ போடுவதில்லை. "திங்கட்கிழமை வர்றேன்", "மூணு நாள் தங்கினேன்" என்கிறோம். எங்கும் உருபு இல்லை. யாருக்கும் பொருள் தட்டவும் இல்லை.

இலக்கண வகுப்பில் இதற்கு வேற்றுமைத் தொகை என்று பெயர் படித்தோம். தொகுதல் என்றால் மறைதல். "மீன் வலை" என்ற இரண்டு சொல்லை எடுத்துப் பாருங்கள். விரித்தால் "மீனைப் பிடிக்கும் வலை". ஐ என்ற உருபும் போயிற்று, பிடிக்கும் என்ற வினையும் போயிற்று. உருபும் பயனும் உடன்தொக்க தொகை என்று இதைச் சொல்வார்கள். "கருவாட்டுக் கடை"யும் அப்படித்தான். கருவாட்டை விற்கும் கடை என்று யாரும் நீட்டிச் சொல்வதில்லை.

ஆனால் எல்லா உருபையும் எல்லா இடத்திலும் நாம் விடுவதில்லை. இங்கேதான் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். "மண்டபம் வந்தேன்" என்றால் மண்டபத்துக்கு வந்தேன் என்றுதான் கேட்பவர் எடுத்துக்கொள்வார். மண்டபத்திலிருந்து வந்தேன் என்று ஒருநாளும் எடுத்துக்கொள்ள மாட்டார். அந்தப் பொருள் வேண்டுமென்றால் "இருந்து" என்பதைச் சொல்லியே ஆக வேண்டும். அதேபோல "ஆஸ்பத்திரி போனேன்" சரி, "டாக்டர் போனேன்" சரியில்லை. ஆஸ்பத்திரி ஒரு இடம். "போ" என்ற வினை வந்தாலே இடத்தைக் காது எதிர்பார்க்கிறது. டாக்டர் ஆள். ஆளுக்கு "இடம்" என்ற உருபு தேவை: டாக்டரிடம் போனேன்.

ஆக இரண்டு விஷயம். கேட்பவர் தானாகவே எதிர்பார்க்கிற உருபை மட்டும்தான் விட முடியும். அதையும், எஞ்சி நிற்கிற சொல்லே இடம் என்றோ காலம் என்றோ அளவு என்றோ முகம் காட்டினால்தான் விட முடியும். ஆங்கிலத்தில் முன்னிடைச்சொல்லை விடுவதும் பெரும்பாலும் இந்த வழியில்தான் நடக்கிறது.

ராமேஸ்வரம் ஆட்டோ ஸ்டாண்டில் இதைத் தினமும் கேட்கலாம். வெளிமாநிலத்துப் பயணி இறங்கினதும் ஓட்டுநர் அண்ணன் கேட்கிற முதல் கேள்வி "வேர் ஆர் யூ கோயிங்?" எங்கே போறீங்க. அதில் டு இல்லை. கடைசியில் டு சேர்த்து "வேர் ஆர் யூ கோயிங் டு?" என்றும் கேட்கலாம், ஆனால் தேவையில்லை. சவாரி பேசி முடித்து வண்டி கிளம்பியதும் அடுத்த கேள்வி "வேர் ஆர் யூ ஃப்ரம்?" எந்த ஊர்க்காரர். இதில் ஃப்ரம்மை எடுத்துவிட்டால் "வேர் ஆர் யூ?", நீ எங்கே இருக்கிறாய் என்று ஆகிவிடும், ஆள் பின்னால் சீட்டில் உட்கார்ந்திருக்கும்போதே. போகிற திசையை விடலாம், புறப்பட்ட திசையை விட முடியாது. "மண்டபம் வந்தேன்" என்பதில் பார்த்த அதே கதை.

கிழமையும் தேதியும்

அக்கா மகனின் கேள்விக்கு வருவோம். கிழமைக்கு முன்னால் வருகிற சொல் ஆன் என்பது ஆங்கிலம் பேசுகிற எவருக்கும் தெரியும். "ஐ வில் கம் ஆன் மண்டே." திங்கட்கிழமை வருவேன். ஆன் தவிர வேறு எதையும் காது எதிர்பார்க்காததால் அமெரிக்கர்கள் பேச்சில் அதைத் தாராளமாக விடுவார்கள்: "ஐ வில் கம் மண்டே", "சீ யூ மண்டே". பிரிட்டிஷ்காரர்கள் மரபாக ஆன் போடுவார்கள். இப்போது பேச்சில் அவர்களிடமும் அது நழுவுவதைக் கேட்கலாம். மேலதிகாரி அமெரிக்கர், எழுதியது கைப்பேசிச் செய்தி. ஆன் விடுபட்டது இயல்பு.

அதே மண்டேக்கு முன்னால் பை வந்தால் "திங்கட்கிழமைக்குள்". சின்ஸ் வந்தால் "திங்கட்கிழமையிலிருந்து". அன்டில் வந்தால் "திங்கட்கிழமை வரைக்கும்". இவற்றில் ஒன்றைக்கூட விட முடியாது. "ஃபினிஷ் இட் பை மண்டே" என்று அவர் சொல்லி, பை உங்கள் காதில் விழாமல் போனால், திங்கட்கிழமைக்குள் முடிய வேண்டிய வேலையைத் திங்கட்கிழமைதான் கையில் எடுப்பீர்கள்.

தேதிக்கும் இதே வழிதான். பாம்பன் புதிய ரயில் பாலம் 2025 ஏப்ரல் 6-ஆம் தேதி திறக்கப்பட்டது. "த நியூ பிரிட்ஜ் ஓபன்டு ஆன் ஏப்ரல் சிக்ஸ்" என்று எழுதலாம். அமெரிக்கச் செய்தித்தாள் நடையில் ஆன் இல்லாமல் "ஓபன்டு ஏப்ரல் சிக்ஸ்" என்றும் வரும். ஆனால் பழைய பாலம் திறந்தது 1914-ல். அதைச் சொல்லும்போது "ஓபன்டு இன் நைன்டீன் ஃபோர்டீன்" என்று இன் வர வேண்டும். வெறும் வருஷத்துக்கும் வெறும் மாதத்துக்கும் முன்னால் இன்னை விடக் கூடாது. மணிக்கு முன்னால் அட் என்பதையும் அப்படியே விடக் கூடாது: "த போட் லீவ்ஸ் அட் ஃபைவ்." படகு அஞ்சு மணிக்குக் கிளம்பும். இந்த அட் என்ற சொல்லை எடுத்தால் அஞ்சு என்பது மணியா, ஆளா, படகு எண்ணா என்று தெரியாது. "ஃபைவ்", "நைன்டீன் ஃபோர்டீன்" எல்லாம் வெறும் எண்தான், முகம் காட்டாது. மண்டே என்பது காலம் தவிர வேறு எதுவாகவும் இருக்க முடியாது. நான் புரிந்துகொண்ட அளவில், கிழமைக்குக் கிடைக்கும் சலுகை மணிக்குக் கிடைக்காததற்குக் காரணம் இதுதான்.

மணியைக் கேள்வியாகக் கேட்கும்போது மட்டும் அட் விழும். "அட் வாட் டைம் டஸ் த போட் லீவ்?" என்பது சரியான வாக்கியம்தான், ஆனால் பேச்சில் எல்லாரும் "வாட் டைம் டஸ் த போட் லீவ்?" என்றே கேட்பார்கள். டைம் என்ற சொல் அங்கேயே நின்று காலத்தைக் காட்டிவிடுகிறது, பாருங்கள்.

இனி, விட்டே ஆக வேண்டிய இடம். நம் பிள்ளைகள் அதிகம் தடுக்கி விழுவது இங்கேதான். நெக்ஸ்ட், லாஸ்ட், திஸ், எவ்ரி ஆகிய சொற்கள் காலப் பெயருக்கு முன்னால் வந்தால் ஆன், இன், அட் மூன்றும் வரக் கூடாது. "நெக்ஸ்ட் மண்டே", "லாஸ்ட் இயர்", "திஸ் மார்னிங்", "எவ்ரி டே" அவ்வளவுதான். "ஆன் நெக்ஸ்ட் மண்டே" என்றும் "இன் லாஸ்ட் இயர்" என்றும் எழுதினால் பிழை. டுமாரோ, டுடே, யெஸ்டர்டே மூன்றுக்கும் அதே விதி. ஆனாலும் "ஐ வில் கம் ஆன் டுமாரோ" என்று ஒவ்வொரு வருஷமும் எழுதிக்கொண்டு வருவார்கள். ஏன் என்று ரொம்ப நாள் யோசித்தேன். நாம் "நாளைக்கு வர்றேன்" என்கிறோம், அந்தக் "கு" அவர்கள் காதில் ஒலிக்கிறது. அதற்கு ஆங்கிலத்தில் ஏதாவது ஒன்றைப் போட்டாக வேண்டும் என்று கை தேடுகிறது. "போன வருஷத்தில்" என்ற பழக்கம்தான் "இன் லாஸ்ட் இயர்" ஆகிறது. பிள்ளைக்கு இந்தக் காரணத்தைச் சொல்லிவிட்டால் திருத்தம் சீக்கிரம் மனதில் நிற்கிறது. சும்மா சிவப்பு மையால் அடித்தால் அடுத்த வாரம் அதே பிழை திரும்பி வருகிறது.

தட் என்ற சொல்லோடு இரண்டும் வரும். 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியைப் புயல் அழித்தது. அந்த இரவைப் பற்றி எழுதும்போது "தட் நைட்" என்றும் தொடங்கலாம், "ஆன் தட் நைட்" என்றும் தொடங்கலாம். ஆன் போட்டால் குரல் கொஞ்சம் நிதானமாக, ஒரு வரலாற்றைச் சொல்கிற மாதிரி இறங்கும். எங்கள் பெரியவர்கள் சொல்லிக் கேட்ட அந்த ராத்திரியை ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால் நான் ஆன் போட்டுத்தான் எழுதுவேன்.

எவ்வளவு நேரம், எவ்வளவு தூரம்

கால அளவுக்கு முன்னால் ஃபார் வரும். "வீ ஸ்டேய்டு ஃபார் த்ரீ டேஸ்", மூன்று நாள் தங்கினோம். ஃபார் இல்லாமல் "வீ ஸ்டேய்டு த்ரீ டேஸ்" என்றாலும் முழுச் சரி. தமிழிலும் "மூணு நாள் தங்கினோம்" என்று மொட்டையாகத்தான் சொல்கிறோம், அதனால் இது நமக்கு எளிது. வெயிட், ஸ்டே, லிவ், லாஸ்ட் (இங்கே நீடித்தல் என்ற வினை) மாதிரி ஒரே நிலையில் நீடிக்கிற வினைகளோடு ஃபாரை விட்டாலும் காதுக்கு உறுத்தாது. தூரத்துக்கும் அப்படியே. தனுஷ்கோடியிலிருந்து அரிச்சல்முனைக்கு மணலில் நடந்ததை "வீ வாக்டு ஃபைவ் கிலோமீட்டர்ஸ்" என்று சொன்னால் ஃபார் இல்லாத குறை தெரியாது.

மூன்று இடத்தில் மட்டும் ஜாக்கிரதை. வினைக்குப் பக்கத்தில் ஏற்கெனவே ஒரு செயப்படுபொருள் உட்கார்ந்திருந்தால் ஃபாரை விடாதீர்கள். "ஐ டாட் ஹிம் ஃபார் த்ரீ மந்த்ஸ்", அவனுக்கு மூன்று மாதம் சொல்லிக்கொடுத்தேன். ஃபாரை எடுத்தால் வாக்கியம் இடறும். இரண்டாவது, எதிர்மறை: "ஐ ஹேவ் நாட் ஈட்டன் ஃபிஷ் ஃபார் எ வீக்". ஒரு வாரமாக மீன் சாப்பிடவில்லை. இதில் ஃபார் கட்டாயம். மூன்றாவது, கால அளவை வாக்கியத்தின் தலையிலேயே வைத்தால் ஃபாரோடுதான் வைக்க வேண்டும். மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். "ஃபார் சிக்ஸ்டி ஒன் டேஸ் த ட்ராலர்ஸ் ஸ்டே இன் ஹார்பர்" என்று எழுதுங்கள். ஃபார் இல்லாமல் எண்ணில் தொடங்கினால், அந்த 61 நாள்தான் எழுவாய் போல என்று படிப்பவர் ஒரு கணம் தடுமாறுவார். விசைப்படகு இங்கே ட்ராலர்.

ஆல் வந்தால் கதை மாறும். "ஆல் டே", "ஆல் நைட்" இரண்டுக்கும் முன்னால் ஃபார் வராது. ராத்திரி முழுக்க வலை இழுத்தவர் "வீ ஃபிஷ்டு ஆல் நைட்" என்பார்.

வீடு போய்ச் சேர்வது

"கோ டு ஸ்கூல்", "கோ டு த மார்க்கெட்" என்று டு டு என்று படித்துவிட்டு, ஹோம் வந்ததும் "கோ ஹோம்" என்று சொல்லச் சொன்னால் பிள்ளைகளுக்குக் கோபம் வருகிறது. இதற்கு மட்டும் ஏன் சார் டு இல்லை?

எனக்குப் பிடித்த கேள்வி இது. ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய ஆங்கிலத்தில், நம் மொழி போலவே, பெயரின் வாலில் வேற்றுமை காட்டுகிற உருபுகள் இருந்தன. பெயரின் வடிவமே உறவைச் சொல்லும். காலப்போக்கில் அந்த வால்கள் தேய்ந்து உதிர்ந்தன, அவற்றின் வேலையை முன்னிடைச்சொற்கள் ஏற்றுக்கொண்டன. ஹோம் மட்டும் "வீட்டை நோக்கி" என்ற பழைய பொருளைத் தனக்குள்ளேயே வைத்துக்கொண்டு நின்றுவிட்டது. அதனால் "கோ ஹோம்", "கம் ஹோம்". தமிழிலும் பாருங்கள், "வீடு போய்ச் சேர்ந்தியா?" என்றுதான் கேட்கிறோம். "வீடு வந்து சேர்ந்தான்" என்கிறோம். வீட்டுக்கு என்று நீட்டுவதில்லை. இரண்டு மொழியிலும் வீடு என்ற சொல் உருபில்லாமல் நிற்கிறது என்பதைப் பார்க்கும்போது எனக்கு மனசு நிறைந்துவிடும்.

ஹோமுக்கு முன்னால் யாருடையது என்ற சொல் வந்துவிட்டால் அது சாதாரணப் பெயராகிவிடும், டு திரும்பி வரும்: "ஐ வென்ட் டு ஹிஸ் ஹோம்." வீட்டில் இருப்பதைச் சொல்லும்போது இரண்டும் உண்டு. "ஸ்டே அட் ஹோம்", "ஸ்டே ஹோம்". முன்னது எங்கும் செல்லும். பின்னது அமெரிக்கப் பேச்சில் கூடுதலாகக் கேட்கும்.

ஹியர், தேர், அப்ராட், அப்ஸ்டேர்ஸ் ஆகியவையும் ஹோம் கூட்டத்தைச் சேர்ந்தவை. கீழக்கரையில் வீட்டுக்கு ஒருவராவது வெளிநாட்டில் இருப்பார் என்று பேச்சு வழக்கில் சொல்வோம். அதனால் அப்ராட் இந்தக் கரையில் அதிகம் புழங்குகிற சொல். "ஹி வென்ட் டு அப்ராட்" என்றும் "ஹி இஸ் இன் அப்ராட்" என்றும் எழுதுகிறார்கள். இரண்டும் பிழை. "ஹி வென்ட் அப்ராட்", "ஹி இஸ் அப்ராட்". வெளிநாட்டுக்கு, வெளிநாட்டில் என்ற இரண்டு பொருளும் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. ஆனால் அவர் திரும்பி வரும்போது? "ஹி கேம் பேக் ஃப்ரம் அப்ராட்". ஃப்ரம் வந்துவிட்டது. ஆட்டோ ஸ்டாண்டில் பார்த்ததுதான் மறுபடியும். புறப்பட்ட திசையை இந்தக் கூட்டத்தில் எந்தச் சொல்லும் தனக்குள் வைத்துக்கொள்வதில்லை.

புயல் கூண்டும் ஃப்ரம்மும்

இப்போது சொல்லப்போகிறதை நன்றாகக் கவனியுங்கள். ஒரு சின்னச் சொல் போனால் பொருள் தலைகீழாவதை இதில் பார்க்கலாம்.

பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறிவிட்டது. படகுகள் கடலுக்குப் போகவில்லை. கூண்டு படகுகளைப் போகவிடாமல் தடுத்தது என்பதை ஸ்டாப் என்ற வினையால் சொன்னால்: "த சிக்னல் ஸ்டாப்டு த போட்ஸ் ஃப்ரம் கோயிங் அவுட்." பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் அந்த ஃப்ரம்மை விடலாம்: "ஸ்டாப்டு த போட்ஸ் கோயிங் அவுட்." பொருள் மாறாது. ப்ரிவென்ட் என்ற வினைக்கும் அங்கே இதே சலுகை உண்டு. அமெரிக்க ஆங்கிலத்தில் ஃப்ரம்மை வைத்துத்தான் எழுதுவார்கள்.

அதே தடுப்பைக் கீப் என்ற வினையால் சொல்லுங்கள். "த சிக்னல் கெப்ட் த போட்ஸ் ஃப்ரம் கோயிங் அவுட்." படகுகளைப் போகவிடவில்லை. சரி. இங்கே ஃப்ரம்மை எடுத்தால்? "கெப்ட் த போட்ஸ் கோயிங் அவுட்." படகுகளைத் தொடர்ந்து போகவைத்தது! கூண்டு ஏறினதால் படகுகள் மேலும் மேலும் கடலுக்குப் போயின என்று எழுதியதாகிவிடும். ஸ்டாப் என்ற வினைக்குள்ளேயே தடுத்தல் இருக்கிறது, அதனால் ஃப்ரம் போனாலும் தாங்குகிறது. கீப்புக்குள் அது இல்லை, ஃப்ரம்தான் தடுக்கிற வேலையைச் செய்கிறது. முன்னிடைச்சொல்லை விடலாமா என்று ஐயம் வந்தால், அது செய்கிற வேலையை வாக்கியத்தில் வேறு யாராவது செய்கிறார்களா என்று பாருங்கள். நான் பிள்ளைகளிடம் கேட்கச் சொல்கிற ஒரே கேள்வி அதுதான்.

ஆஃப், அக்ராஸ், அபவுட்

ஏலக்கூடத்தில் கூடை கூடையாக மீன். அத்தனையையும் ஒரு வியாபாரி எடுத்தார். "ஹி பாட் ஆல் ஆஃப் த ஃபிஷ்" என்றும் சொல்லலாம், "ஆல் த ஃபிஷ்" என்றும் சொல்லலாம். போத், ஹாஃப் இரண்டுக்கும் இந்தச் சலுகை உண்டு: "ஹாஃப் ஆஃப் த ஃபிஷ்", "ஹாஃப் த ஃபிஷ்". மீன் என்று சொல்லாமல் "அது" என்று சுட்டினால் ஆஃப் வந்தே தீரும், "ஆல் ஆஃப் இட்". சம், மோஸ்ட் இரண்டுக்கும் இந்தச் சலுகை கிடையாது. "மோஸ்ட் ஆஃப் த ஃபிஷ்" என்றால் இந்தக் கூடையில் உள்ள மீனில் பெரும்பகுதி. "மோஸ்ட் ஃபிஷ்" என்றால் உலகத்து மீன்களில் பெரும்பாலானவை. ஒன்று விலை பேச உதவும், மற்றது அறிவியல் பாடம்.

நீந்துவதற்கு வருவோம். மிஹிர் சென் 1966-ல் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு நீந்திப் பாக் நீரிணையைக் கடந்தார். "ஹி ஸ்வாம் அக்ராஸ் த பாக் ஸ்ட்ரெய்ட்" என்பது நடந்ததைச் சொல்கிறது. "ஹி ஸ்வாம் த பாக் ஸ்ட்ரெய்ட்" என்று அக்ராஸை விட்டுச் சொன்னால் கடலையே ஒரு சவாலாக எடுத்து, முழுதாக முடித்த தொனி வருகிறது. "க்ளைம்ப் அப் த லைட்ஹவுஸ்", "க்ளைம்ப் த லைட்ஹவுஸ்" இரண்டுக்கும் அந்த மெல்லிய வேறுபாடு உண்டு. "மலை மேல் ஏறினான்", "மலை ஏறினான்" என்று சொல்லிப் பாருங்கள், தமிழிலும் கேட்கும்.

இங்கே இன்னொரு பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். விடலாம் என்று நாம் நினைக்கிற சில இடங்களில் உண்மையில் முன்னிடைச்சொல்லுக்கு இடமே இல்லை. "டிஸ்கஸ் அபவுட்", "ரீச் டு", "மேரி வித்", "என்டர் இன்டு த ரூம்". நான்கும் நம் வாயில் புழங்குகிறவை. எழுத்தில் நான்கும் தப்பு. "வீ டிஸ்கஸ்டு த ப்ரைஸ்", "வீ ரீச்டு மண்டபம்", "ஷி மேரீட் ஹிம்", "ஹி என்டர்டு த ரூம்". பற்றி, க்கு, உடன், உள்ளே என்று தமிழில் இருப்பவை அப்படியே தொற்றிக்கொண்டு வருகின்றன. வினை பெயராக மாறினால் மட்டும் அவை உள்ளே வரும்: "எ டிஸ்கஷன் அபவுட் த ப்ரைஸ்" சரியான தொடர். எதிர்ப்பக்கத்தில், "எனக்கு விளக்குங்கள்" என்பதை "எக்ஸ்ப்ளெய்ன் மீ" என்கிறார்கள். "கிவ் மீ" சரி என்பதால் இதுவும் சரியாக இருக்கும் என்ற நம்பிக்கை. எக்ஸ்ப்ளெய்னுக்கு டு வேண்டும்: "எக்ஸ்ப்ளெய்ன் இட் டு மீ". லிசனுக்கும் டு வேண்டும், வெயிட்டுக்கு ஆள் வந்தால் ஃபார் வேண்டும். இவற்றைக் காரணம் தேடாமல் மனப்பாடம் செய்துவிடுவதே நல்லது.

இன்னும் சில இருக்கின்றன, வேகமாகச் சொல்லிவிடுகிறேன். "ஐ ஸ்பென்ட் த மார்னிங் மெண்டிங் நெட்ஸ்", காலை முழுக்கக் கிழிந்த வலையைச் சரிசெய்தேன். மெண்டிங்குக்கு முன்னால் இன் வரலாம், இப்போது பெரும்பாலும் வருவதில்லை. "இட் டிபெண்ட்ஸ் ஆன் ஹவ் த விண்ட் ப்ளோஸ்", காற்று எப்படி அடிக்கிறதோ அதைப் பொறுத்தது. ஹவ், வாட், வெதர் (இதுவா அதுவா என்ற பொருளில்) வந்தால் பேச்சில் ஆன் விழும். காற்று என்று ஒற்றைப் பெயர் வந்தால் விழாது: "இட் டிபெண்ட்ஸ் ஆன் த விண்ட்". தங்க ஒரு இடம் என்பதற்கு "எ ப்ளேஸ் டு ஸ்டே" போதும், ஆனால் தங்க ஒரு அறை என்றால் "எ ரூம் டு ஸ்டே இன்". ப்ளேஸ் என்ற சொல்லே இடம் என்று முகம் காட்டுகிறது. ரூமுக்கு அந்த முகம் போதாது.

எழுத்திலா, பேச்சிலா என்று கேட்டால் என் அபிப்பிராயம் இது. தேர்விலும் விண்ணப்பத்திலும் முன்னிடைச்சொல்லை வைத்தே எழுதுங்கள். "ஆன் மண்டே" என்று எழுதியதற்காக எங்கும் மதிப்பெண் குறையாது. பேச்சிலும் கைப்பேசிச் செய்தியிலும் எதிரில் இருப்பவர் விட்டால் நீங்களும் விடலாம். விடக் கட்டாயமான இடங்களில், அதாவது நெக்ஸ்ட் மண்டே, டுமாரோ, கோ ஹோம், டிஸ்கஸ் போன்றவற்றில், எழுத்தானாலும் பேச்சானாலும் விட்டே ஆக வேண்டும். பிள்ளைகள் நேரத்தைச் செலவிட வேண்டியது இந்தக் கடைசி வகையில்தான்.

இதையெல்லாம் நாலைந்து குரல் பதிவாக அக்கா மகனுக்கு அனுப்பினேன். சாயங்காலம் அவனே மூன்று வாக்கியம் எழுதி அனுப்பினான், மேலதிகாரிக்கு அனுப்பலாமா என்று கேட்டு. முதலாவது, "ஐ வில் ஜாயின் மண்டே அட் செவன்." மண்டேக்கு ஆன் விட்டிருக்கிறான், செவனுக்கு அட் வைத்திருக்கிறான். சரி. இரண்டாவது, "ஐ கேம் பேக் ஃப்ரம் தேர் லாஸ்ட் நைட்." தேருக்கு முன்னால் ஃப்ரம் இருக்கிறது, லாஸ்ட் நைட்டுக்கு முன்னால் ஒன்றும் இல்லை. அதுவும் சரி. மூன்றாவது, "ஐ வில் கோ டு ஹோம் இன் டிசம்பர்." இன்னை வைத்துக்கொள், டுவை எடுத்துவிடு என்று பதில் போட்டேன். எடுத்துவிட்டு மறுபடி அனுப்பினான். அதற்குக் கீழே தமிழில் ஒரு வரி: "டிசம்பர்ல வீடு வந்துருவேன் மாமா, அம்மாகிட்ட சொல்லிருங்க."